நொதிகள் நடத்தும் தருக்கம்

(வெள்ளி விழாவையொட்டி நடந்த இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இத்தகைய கருத்தரங்குகளில் பேசுவோர் தேர்வு, வேலைவாய்ப்பு, கல்வி உதவித்தொகை ஆகியவை பற்றிப் பேசுதல் வழக்கம். அவை வேண்டியவைதாம், நாமும் வேறு மேடைகளில் அவற்றையே பேசி வந்துள்ளோம். ஆனால் ஒரு பொருள் சோறு போடுமா போடாதா என்று முதலிலேயே கணக்குப் பார்க்காமல், அதன் அருமைக்காகவே அதனை அறிந்துகொள்ளும் உரிமை என்று ஒன்று உண்டு. நெடுங்காலமாக நமக்கு மறுக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. அவ்வுரிமையை இன்று மாலை ஒரு மணி நேரம் பயன்படுத்திப் பார்ப்போம். நாம் பட்டப்படிப்பில் பயின்றது வரலாறு, வேதியியல் அன்று. எனவே விஞ்ஞானம் பயிலாதாருக்கும் விளங்கும்படியே இது அமையும் என்று நம்பலாம்.

பொருள் இதுதான்: நம் உடலிலும் செடி கொடியிலும் பூஞ்சையிலும் உள்ள நொதிகளைக் கொண்டு, கணிப்பொறி செய்வது போன்ற தருக்கக் கணக்கைச் செய்விக்கலாம் என்று விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். கம்பி இல்லை, மின்கலம் இல்லை, ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிதளவு நீர் மட்டுமே உண்டு. அது எவ்வாறு இயலும் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில் தருக்கம். கணிப்பொறியின் உள்ளே இருப்பவை இலட்சக்கணக்கான சிறு வாயில்கள். ஒவ்வொரு வாயிலுக்கும் ஆம் அல்லது இல்லை, அதாவது 1 அல்லது 0, என்ற செய்தி உள்ளே போகிறது. ஆம் அல்லது இல்லை என்ற விடை வெளியே வருகிறது. இவ்வாயில்களுள் தலையாயவை மூன்று. அவற்றைத் தமிழ் இலக்கணம் படித்தவர் எளிதில் அறிந்துகொள்வர். "தலைவரும் பொருளாளரும் கையொப்பமிட்டால் காசோலை செல்லும்" என்கிறோம். அந்த எண்ணும்மைதான் முதல் வாயில்; அதை உம்மை வாயில் என்போம். ஒருவர் மட்டும் கையொப்பமிட்டால் வங்கி பணம் தராது. "பேருந்திலாவது மிதிவண்டியிலாவது வந்தால் போதும்" என்பது இரண்டாவது, அல்லது வாயில். மூன்றாவது, இல்லை வாயில். தானே எரியும் தெருவிளக்கு இருக்கிறதல்லவா? வெயில் உண்டு என்றால் விளக்கு இல்லை. வெயில் இல்லை என்றால் விளக்கு உண்டு. உள்ளே போவதைத் தலைகீழாக்கி வெளியே விடுவது அதன் வேலை. இம்மூன்றையும் கோத்துக் கோத்தே இன்றைய கணிப்பொறி முழுவதும் அமைந்திருக்கிறது.

இந்த உம்மும் அல்லதும் இல்லையும் கணிதமாகலாம் என்று கண்டவர் யார்? ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலேயர். 1815-ஆம் ஆண்டில் லிங்கன் நகரில் செருப்புத் தைக்கும் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தைக்குத் தொழிலைவிடத் தொலைநோக்கிகள் செய்வதில் நாட்டம் மிகுதி. ஆகவே தொழில் நொடித்தது. குடும்பத்தைக் காக்க மகன் 16 வயதில் துணை ஆசிரியர் ஆனார். 19 வயதில் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். பல்கலைக்கழகத்தின் வாயிற்படியை மாணவராக அவர் மிதித்ததே இல்லை. மொழிகளையும் உயர்கணிதத்தையும் இரவு நேரங்களில் தாமே கற்றார். 1844-இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் வழங்கியது. 1849-இல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 1854-இல் சிந்தனையின் விதிகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். 1864-இல், கொட்டும் மழையில் நடந்து சென்று நனைந்த உடையுடனே வகுப்பெடுத்துக் காய்ச்சல் கண்டு, 49 வயதில் மறைந்தார். அவருடைய கணிதம் மின்சுற்றுகளுக்குப் பொருந்தும் என்று 1937-இல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் தம் ஆய்வேட்டில் காட்டிய பின்னரே கணிப்பொறி பிறக்க வழி ஏற்பட்டது. செருப்புத் தைத்தவர் மகன் என்பதை நாம் அழுத்திச் சொல்வதன் காரணம் இம்மன்றத்துக்குத் தெரியும், மேலே செல்வோம்.

இனி நொதி. என்சைம் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். உயிருள்ள அணுக்கள் உண்டாக்கும் ஒருவகைப் புரதம் அது. தான் செலவாகாமல், ஒரு குறிப்பிட்ட வேதிமாற்றத்தை மட்டும் பன்மடங்கு விரைவாக நடத்தி வைக்கும். ஒரு நொதி ஒரு வேலைதான் செய்யும். பூட்டுக்கேற்ற சாவி என்று 1894-இல் எமில் ஃபிஷர் உவமை கூறினார். சாவியின் பல் பொருந்தினால் பூட்டுத் திறக்கும். பொருந்தாவிடில் எத்தனை முறை திருகினாலும் திறவாது. தருக்க வாயிலுக்கு வேண்டிய இயல்பும் இதுவே என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நொதியைப் பெயர் தெரியாமலே மனிதர் பல்லாயிரம் ஆண்டுகள் கையாண்டு வந்தனர். மாவு புளிப்பதும் கள் நுரைப்பதும் நொதியாலே. தோல் பதனிடுதலும் அவ்வாறே. சுண்ணாம்பில் ஊறி விறைத்த தோலை மென்மையாக்க ஐரோப்பாவின் பதனிடும் தொட்டிகளில் நாயின் மலத்தையும் புறாவின் எச்சத்தையும் கரைத்து ஊற்றினார்கள். அருவருப்பான வேலை, செய்தவரை ஊர் ஒதுக்கியே வைத்தது. அந்தத் தொட்டியில் தோலை இளக்கியது புரதத்தைச் சிதைக்கும் நொதி என்பதை உணர்ந்து, 1907-இல் ஜெர்மானியரான ஓட்டோ ரோம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை அதற்கு மாற்றாகக் கொண்டு வந்தார். தொழிலும் தூய்மையடைந்தது, அவர் தொடங்கிய நிறுவனமும் பெருநிறுவனமாயிற்று. நம் சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலும், சுண்ணாம்புக்கும் சல்ஃபைடுக்கும் பதிலாக நொதியைக் கொண்டு தோலின் மயிர் நீக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. தொட்டியருகே நின்றவன் எத்தனை நாழிகை ஊறவேண்டும், எவ்வளவு இளகினால் போதும் என்பதைக் கைவிரலால் அறிந்திருந்தான். அதுவும் நொதி பற்றிய அறிவுதான். ஏட்டில் ஏறாத அறிவு என்பதே வேறுபாடு.

நொதி புரதமே என்று மெய்ப்பித்த ஜேம்ஸ் சம்னரைப் பற்றியும் ஒரு சொல். 17 வயதில் வேட்டையின்போது குண்டு பட்டு இடக்கையை இழந்தவர் அவர். அவரோ இடக்கைப் பழக்கமுள்ளவர். ஒற்றைக் கையுடன் வேதியியல் வேண்டாம் என்றவர்களின் சொல்லைக் கேளாமல், வாளவரை இனத்துப் பயறு ஒன்றிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் பிரிக்க 9 ஆண்டுகள் உழைத்து, 1926-இல் அதைப் படிகமாக்கினார். பெரிய பேராசிரியர்கள் நெடுநாள் நம்பவில்லை. 1946-இல் நோபல் பரிசு வந்தது.

இப்போது இரண்டையும் இணைப்போம். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வடிகஞ்சி, அயோடின், வினிகர் எனப்படும் காடி, நம் வாயில் ஊறும் உமிழ்நீர் ஆகியவை போதும்.

கஞ்சியில் இருப்பது மாவுச்சத்து. ஒரு துளி அயோடின் விட்டால் அது கருநீலமாகும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனாலே. ஆறிய கஞ்சியை நீர் விட்டு நன்றாக இளக்கி, நான்கு குவளைகளில் சம அளவு ஊற்றுங்கள். முதற்குவளையை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் உமிழ்நீர் மட்டும் சேருங்கள். மூன்றாவதில் காடி மட்டும். நான்காவதில் முதலில் காடி, பிறகு உமிழ்நீர். நன்கு கலக்கிக் கால் மணி முதல் இருபது நிமிடம் வரை வைத்திருந்து, பின்னர் நான்கிலும் ஒவ்வொரு துளி அயோடின் விடுங்கள். முதற்குவளை நீலம். மூன்றாவது நீலம். நான்காவதும் நீலம், ஏனெனில் அமிலத்தில் அமைலேஸ் வேலை செய்யாது. இரண்டாவது குவளையில் மட்டும் நீலம் தோன்றாது.

காடி சேராத குவளைகள் இரண்டை மட்டும் பாருங்கள். உமிழ்நீர் உண்டு என்றால் நீலம் இல்லை. உமிழ்நீர் இல்லை என்றால் நீலம் உண்டு. இதுவே இல்லை வாயில். நான்கையும் சேர்த்துப் பார்த்தால், "உமிழ்நீர் இருந்து, காடி இல்லாமலும் இருந்தால் மட்டுமே நீலம் மறையும்" என்ற கூட்டு வாயில் கிடைக்கிறது. இதைத் தடை வாயில் எனலாம். பூல் தாளில் எழுதியதைக் கஞ்சிக் குவளை செய்து காட்டிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. காடி கிடைக்கவில்லை என்று எலுமிச்சைச் சாற்றை ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள வைட்டமின் சி அயோடினின் நிறத்தைத் தானே போக்கிவிடும். நொதி வேலை செய்யாத குவளையிலும் நீலம் காணாது; நாம் தவறான முடிவுக்கு வருவோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்சில் என்றால் தீட்டு என்று பிறரை எட்டி நிற்கச் சொன்னவர் வாயிலும் இதே அமைலேஸ்தான் ஊறுகிறது. குவளையை மாற்றிச் சோதித்தாலும் விடை மாறாது.

உம்மை வாயிலுக்கு மற்றொரு சோதனை. மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெட்டிய பச்சை உருளைக்கிழங்கின் மேல் விடுங்கள்; நுரை பொங்கும். கிழங்கில் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி பெராக்சைடை நீராகவும் உயிர்வளியாகவும் பிரிக்கிறது. கிழங்கின் மேல் வெறும் நீரை விட்டால் நுரை இல்லை. வெறுந்தட்டில் பெராக்சைடை விட்டாலும் நுரை இல்லை. இதும் அதும் சேர்ந்தால்தான் நுரை. கிழங்கை வேகவைத்துவிட்டால் அதுவும் இல்லை. வெப்பத்தில் நொதி உருக்குலைந்து போகும்.

ஆய்வுக்கூடத்தார் செய்வதும் இதனின் வேறான மாயம் அன்று. பொருள்கள் தூயவை, அளவுகள் துல்லியமானவை, அவ்வளவே. அவர்கள் பெரிதும் கையாளும் இணை உங்களில் பலருக்கு முன்பே பழக்கமானது. சர்க்கரை நோய்க்கு இரத்தம் கொடுக்கும் சோதனை நிலையத்தில், இரத்தத்தின் தெளிநீரை ஒரு கரைசலில் கலந்து இளஞ்சிவப்பு நிறம் வருகிறதா என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. அக்கரைசலில் இரண்டு நொதிகள் உள்ளன. பூஞ்சையிலிருந்து எடுக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் முதலில் சர்க்கரையை உயிர்வளியோடு சேர்த்துப் பெராக்சைடை உண்டாக்குகிறது. குதிரை முள்ளங்கி வேரிலிருந்து எடுக்கும் பெராக்சிடேஸ் அந்தப் பெராக்சைடைக் கொண்டு நிறத்தை உண்டாக்குகிறது. சர்க்கரை எவ்வளவோ, நிறமும் அவ்வளவு.

இப்போது சர்க்கரையும் நிறம் தரும் பொருளும் ஏற்கெனவே குவளையில் இருப்பதாகக் கொள்வோம். முதல் நொதியை மட்டும் இட்டால் பெராக்சைடு சேரும், நிறம் வராது. இரண்டாம் நொதியை மட்டும் இட்டால் அதற்கு வேண்டிய பெராக்சைடே இராது. இரண்டையும் இட்டால் நிறம் வரும். உம்மை வாயில் ஆயிற்று. நாம் ஓடும்போது தசையில் சேரும் லாக்டேட் என்னும் பொருளிலிருந்தும் பெராக்சைடு உண்டாக்கும் வேறொரு நொதி உண்டு. அதையும் குளுக்கோஸ் ஆக்சிடேஸையும் பெராக்சிடேஸோடு ஒரே குவளையில் வைத்துவிட்டால், சர்க்கரை வந்தாலும் நிறம், லாக்டேட் வந்தாலும் நிறம். இது அல்லது வாயில். கிழங்கில் கண்ட கேட்டலேஸைச் சேர்த்தால் பெராக்சைடை அது விழுங்கிவிடும், நிறம் வராது. இல்லை என்பதற்கு அது.

இத்துறையின் வரலாற்றில் நம் அண்டை நாட்டவர் ஒருவருக்கும் இடம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பயின்று வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பேராசிரியராக விளங்கிய பிரசன்ன டி சில்வா, 1993-இல் ஒரே ஒரு மூலக்கூறு உம்மை வாயிலாக நடப்பதைக் காட்டினார். சோடியம் அயனியும் ஹைட்ரஜன் அயனியும் ஒருங்கே வந்தால் அது ஒளிரும். ஒன்று மட்டும் வந்தால் நன்கு ஒளிராது. அது நொதி அன்று. ஆயினும் வேதிப்பொருள் தருக்கம் பேசும் என்று உலகம் கவனித்தது அப்போதுதான். நொதிகளைக் கொண்டு இதைச் செய்ததில் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் இதமார் வில்னர், பின்னர் அமெரிக்காவின் கிளார்க்சன் பல்கலைக்கழகம் சென்ற எவ்கெனி காட்ஸ் ஆகிய இருவரின் குழுக்கள் முன்னின்றன. 2006-இல் சில நொதிகளைக் கோத்து, ஒற்றை இலக்க இரும எண்களைக் கூட்டும் கணக்கையே அவர்கள் செய்வித்தனர். 2008-இல் காட்ஸ் குழுவினர் பூட்டு ஒன்றை அமைத்தனர். உரியவற்றை உரிய வரிசையில் சேர்த்தால் மட்டும் நிறம் தோன்றும். வரிசை பிறழ்ந்தால் தோன்றாது. வங்கிகளில் எண்களை வரிசையாக அழுத்தித் திறக்கும் பெட்டி போன்றது அது.

ஆனால் இவ்விஞ்ஞானிகளுக்கெல்லாம் முன்னோடி ஒரு நுண்ணுயிர். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதியை எப்போதும் உண்டாக்கிக்கொண்டிருப்பதில்லை. பால்சர்க்கரை இருக்க வேண்டும். எளிதில் உண்ணத்தக்க குளுக்கோஸ் இல்லாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்நொதியை அது நிறைய உண்டாக்கும். கஞ்சிக் குவளையில் கண்ட அதே தடை வாயில்! வீண் செலவு செய்யாத சிக்கனம் அதன் நோக்கம். பால்சர்க்கரை வந்தால் திறந்து, இல்லையேல் மூடிக்கொள்ளும் இதன் பூட்டை 1961-இல் விளக்கிய பிரான்சுவா ஜாகோப், ஜாக் மோனோ ஆகியோர் 1965-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். இனிமேல் மேசைக் கணிப்பொறிகள் எல்லாம் குவளைகளாக மாறிவிடும் என்று சிலர் ஆர்வமிகுதியால் எழுதுகிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. சிலிக்கான் வாயில் ஒன்று நூறு கோடியில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவான நேரத்தில் விடை சொல்லும். நொதி வாயிலுக்குச் சில நிமிடங்களாவது வேண்டும். விரைவில் போட்டியிட்டால் தோல்விதான்.

இதன் உண்மையான இடம் மருத்துவம். சிலிக்கானுக்கு இரத்தத்தின் மொழி தெரியாது. நொதிக்கு அதுவே தாய்மொழி. ஈரல் நோயாளியின் சோதனைச் சீட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அது ஈரல் அணுக்கள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் ஒரு நொதி. எல்.டி.எச். என்பது மற்றொன்று. பின்னது மட்டும் உயர்ந்தால் ஒன்றும் சொல்ல இயலாது. இதயம், தசை, சிவப்பணு ஆகிய எது சிதைந்தாலும் அது உயரும். இரண்டும் ஒருங்கே உயர்ந்தால் ஐயம் பெரிதும் ஈரலின் மீது விழும். காட்ஸ் குழுவினரும், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ஜோசப் வாங் என்பாரின் குழுவினரும் சேர்ந்து, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்விரண்டையும் உள்ளீடாகக் கொண்ட உம்மை வாயிலை அமைத்தனர். இரண்டும் நோயளவை எட்டினால்தான் "ஆம்" என்னும் விடை வரும். அடிபட்ட தசைக்கும், குருதி இழந்த அதிர்ச்சிக்கும் வேறு வாயில்கள் அமைத்தனர். அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம் இதற்குப் பொருளுதவி அளித்தது. மருத்துவர் இல்லாத போர்க்களத்தில் காயத்தின் தன்மையை ஒரு சிறு கருவியே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மருத்துவர் இல்லாத இடம் போர்க்களம் மட்டும்தானா? பேருந்து இரண்டு வேளை மட்டும் வந்துபோகும் ஊரில் இரவில் மயங்கி விழுந்தவருக்கும் அது உதவும். எனினும் இவை ஆய்வுக்கூடத்தைக் கடந்து ஆரம்பச் சுகாதார நிலையத்து மேசைக்கு வந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை.

தடை எங்கே இருக்கிறது? மின்சுற்றில் 0 என்பது ஏறத்தாழ 0-தான். உடலிலோ எந்தப் பொருளும் முற்றிலும் இல்லாமல் இருப்பதில்லை. நலமாக உள்ளவர் இரத்தத்திலும் எல்.டி.எச். உண்டு. ஆகவே நலமுள்ளவரின் அளவை 0 என்றும், நோயுற்றவரின் அளவை 1 என்றும் கொள்கின்றனர். இரண்டுக்கும் இடைவெளி சிறிது. ஒரு வாயிலின் சிறு பிழை அடுத்த வாயிலில் பெரிதாகும். அதற்கடுத்ததில் இன்னும் பெரிதாகும். ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் செல்லும் செய்தி கடைசி ஆளிடம் உருமாறிப் போவதைப் போன்றது இது. கிளார்க்சனில் காட்ஸுடன் பணியாற்றிய இயற்பியலாளர் விளாடிமிர் பிரிவ்மன் இதைக் கணக்கிட்டு, எத்துணைச் செம்மையாக அமைத்தாலும் ஏறத்தாழ 10 படிகள் வரையே இவ்வாயில்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கலாம் என்று 2008-இல் காட்டினார். கணிப்பொறியின் இலட்சக்கணக்கான வாயில்களோடு ஒப்பிட்டால் 10 மிகச் சிறிய எண்தான். ஆனால் ஒரு நோயை இனங்காண மூன்று நான்கு வாயில்களே போதுமல்லவா?

இப்பிழையைக் குறைக்க அவர்கள் கண்ட வழியும் நொதியே. விளைபொருள் சிறிதளவு தோன்றினால் அதை உடனே தின்று தீர்க்கும் மற்றொரு மாற்றத்தை அதே குவளையில் சேர்த்துவிடுகின்றனர். சிறு கசிவு அங்கேயே மறையும். பெருவரவு மட்டுமே அதை மீறி வெளிவரும். நம் உடலிலும் இத்தகைய வடிகட்டல்கள் பல உண்டு. 10 என்ற எண்ணை 20 ஆக்குவதற்கு வேதியியலும் உயிரியலும் கணிதமும் மூன்றும் தெரிந்தவர் வேண்டும். பதினோராம் வகுப்பில் பிரிவு தேர்ந்தெடுக்க இருக்கும் பிள்ளைகளை, மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்தால் விஞ்ஞானப் பிரிவின் வாயிலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் சில பள்ளிகளில் உண்டு. அவ்வாறு எவரேனும் சொன்னால் பெற்றோர் உடனே ஒப்பிவிட வேண்டாம். சங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள். நாமே உடன் வந்து பேசுவோம்.

மேடையின் இடப்புறத்து மேசையில் வடிகஞ்சியும் அயோடினும் காடியும் நான்கு குவளைகளும் வைத்திருக்கிறோம். பச்சையும் வேகவைத்ததுமாக உருளைக்கிழங்கும் உண்டு. பெராக்சைடைப் பெரியவர் ஒருவர் ஊற்றுவார். சிறுவர் எட்டி நின்று பார்க்கலாம். கூட்டம் முடிந்ததும் செய்து பார்க்க விரும்புவோர் வரிசையாக வருக.